இயந்திரத்தின் அருகில் நிற்பவரைக் கேளுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 4-ஆம் தேதி நாடெங்கும் உள்ள தொழிற்சாலைகளில் தேசியப் பாதுகாப்பு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. 1966-இல் தேசியப் பாதுகாப்புக் குழுமம் அந்த நாளில்தான் தொடங்கப்பட்டது. அன்று காலை தொழிற்சாலை வாயிலில் கொடி ஏற்றப்படும். தொழிலாளர்கள் வரிசையாக நின்று வலக் கையை நீட்டி உறுதிமொழி ஏற்பார்கள். சட்டைப் பையில் பேட்ஜ் குத்தப்படும். வாசகப் போட்டியில் வென்றவருக்கு எவர்சில்வர் பாத்திரம் பரிசாகக் கிடைக்கும். பாதுகாப்பு அலுவலராகப் பணியாற்றிய இருபது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் இத்தகைய விழாக்கள் பலவற்றை நானே முன்னின்று நடத்தியிருக்கிறேன்.

விழா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது நல்லதே. ஆனால், பெரும்பாலான இடங்களில் பாதுகாப்புத் திட்டங்களில் தொழிலாளர் பங்கேற்பு என்பது அந்த உறுதிமொழியோடு முடிந்துவிடுகிறது. நிர்வாகம் சொல்லும், தொழிலாளி கேட்பார். நிர்வாகம் அச்சிட்டுத் தரும், தொழிலாளி வாசிப்பார். உண்மையான பங்கேற்பு இதற்கு நேர் எதிரான திசையில் நடக்க வேண்டியது. தொழிலாளி சொல்ல வேண்டும். நிர்வாகம் கேட்க வேண்டும். கேட்டதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். இதை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. ஒரு தொழிலாளியின் இரண்டு விரல்கள் போன பிறகே கற்றுக்கொண்டேன்.

மூன்று நாள்கள் தெரிந்திருந்த ஆபத்து

நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வாகன உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வடிவம் கொடுக்கும் பவர் பிரஸ்கள் வரிசையாக நிற்கும் கூடத்தில், ஓர் இரவு ஷிஃப்டில் விபத்து நேர்ந்தது. மிதியை ஒருமுறை மிதித்தால் ஒருமுறை மட்டுமே இறங்க வேண்டிய இயந்திரம், மேலே போன வேகத்தில் தானாக மீண்டும் இறங்கியது. தகட்டை எடுக்கக் கையை நீட்டியிருந்த ஒப்பந்தத் தொழிலாளியின் வலக் கை விரல்கள் இரண்டு நசுங்கின. அவருக்கு வயது இருபத்து மூன்று. அந்த இயந்திரத்தில் அன்றுதான் முதன்முறையாக நின்றார்.

மறுநாள் காலை விசாரணை அறிக்கையை எழுதியது நான். வழக்கமான படிவம் அது. 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில், 'தொழிலாளியின் கவனக்குறைவு; கருவியைப் பயன்படுத்தாமல் கையை அச்சுக்குள் நீட்டியது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எழுதியதில் பொய் எதுவும் இல்லை என்றே அப்போது நினைத்தேன்.

இரண்டு நாள்கள் கழித்து, அதே கூடத்தில் நீண்ட காலம் பணிபுரிந்த மூத்த தொழிலாளி ஒருவர் தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்தார். "சார், அந்த மிஷின் மூணு நாளா ரிபீட் அடிச்சிக்கிட்டு இருந்துச்சு சார். எங்க எல்லாருக்கும் தெரியும். நாங்க கொக்கியால எடுத்து ஓட்டிட்டோம். அந்தப் பையன் புதுசு, அவனுக்கு யாரும் சொல்லல" என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சூப்பர்வைசரிடம் சொன்னதாகவும், ஆர்டர் முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று அவர் பதில் அளித்ததாகவும் கூறினார். பிறகு, "உங்ககிட்ட வந்து சொன்னா, சூப்பர்வைசர மாட்டிவிட்டோம்னு ஆயிடும் சார்" என்றார்.

அந்த உரையாடல் இன்றும் என் நினைவில் இருக்கிறது. தேய்ந்துபோன கிளட்சைப் பற்றிப் பராமரிப்புப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. சரிசெய்யப்பட்ட பழுதுகள் மட்டுமே அதில் எழுதப்பட்டன. பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்பிலும் இல்லை. என் ஆய்வு அறிக்கையிலும் இல்லை. ஆனால், அந்தக் கூடத்தில் நின்ற ஏழெட்டுப் பேருக்கு அது தெரிந்திருந்தது. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் தங்களைக் காத்துக்கொண்டார்கள். அந்த அறிவு ஓர் அடி தள்ளி நின்ற இளைஞருக்குப் போய்ச் சேரவில்லை. ஐம்பது அடி தள்ளி அமர்ந்திருந்த எனக்கும் வந்து சேரவில்லை.

நான் எழுதிய 'கவனக்குறைவு' என்ற சொல்லால் அந்த இளைஞருக்குக் கிடைக்க வேண்டிய இஎஸ்ஐ பலன் குறைந்துவிடவில்லை. அது யாருடைய தவறு என்று பார்த்து வழங்கப்படுவதன்று. அந்தச் சொல் செய்த தீங்கு வேறு. அது கேள்வியை அங்கேயே முடித்துவைத்தது. காரணம் தொழிலாளியிடம் இருக்கிறது என்று எழுதியான பின், இயந்திரம் ஏன் அப்படி இயங்கியது, யாருக்குத் தெரிந்திருந்தது, ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. கிளட்சை மறுவாரம் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்கள். அந்த இளைஞரை ஒப்பந்தக்காரர் மீண்டும் வேலைக்கு அழைக்கவில்லை. என் அறிக்கையை நான் திருத்தவும் இல்லை.

'கவனக்குறைவு' என்ற பழைய விளக்கம்

இந்த விளக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த ஹெர்பர்ட் ஹைன்ரிக் 1931-இல் தொழில் விபத்துத் தடுப்பு பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 88 சதவீத விபத்துகளுக்கு மனிதர்களின் பாதுகாப்பற்ற செயல்களே காரணம் என்று அவர் எழுதினார். உலகெங்கும் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் அந்த எண் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. நானும் வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால், அந்த எண் எதிலிருந்து பெறப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். காப்பீட்டுக் கோப்புகளும் தொழிற்சாலை உரிமையாளர்களின் பதிவுகளும்தான் அவருடைய ஆதாரங்கள். அதாவது, விபத்துக்குப் பின் நிர்வாகத்தின் தரப்பில் எழுதப்பட்ட, நான் எழுதியதைப் போன்ற அறிக்கைகள். காரணம் தொழிலாளி என்று எழுதுவதே வழக்கமாக இருந்தால், அவற்றைக் கூட்டிப் பார்ப்பவருக்கும் காரணம் தொழிலாளி என்றுதான் தெரியும்.

அதே ஹைன்ரிக் சொன்ன இன்னொரு கருத்து பயனுள்ளது. ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயம் ஏற்படாமல் தப்பிய 300 நிகழ்வுகளும் இருக்கின்றன என்றார் அவர். இந்த விகிதம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது என்று பின்னாளில் பலர் மறுத்திருக்கிறார்கள். ஆயினும், பெரும்பாலான விபத்துகள் முன்னறிவிப்போடுதான் வருகின்றன என்பதை அனுபவம் உள்ள எவரும் மறுக்க மாட்டார். அந்த முன்னறிவிப்பை முதலில் காண்பவர் மேலாளரும் அல்லர், பாதுகாப்பு அலுவலரும் அல்லர். இயந்திரத்தின் ஓசை மாறுவதை, குழாயின் இணைப்பில் கசிவதை, ஏணியின் படி ஆடுவதை, அங்கேயே எட்டு மணி நேரம் நிற்பவர்தான் முதலில் அறிகிறார்.

போபால் கற்பித்த பாடம்

இந்த உண்மைக்கு நம் நாடு கொடுத்த விலை மிகப் பெரியது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் நச்சு வாயு கசிந்து பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1981 டிசம்பரில், அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஆலையின் ஆபத்துகள் குறித்துத் தொழிற்சங்கத்தினர் குரல் எழுப்பினார்கள்; சுவரொட்டி ஒட்டினார்கள். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982-இலேயே உள்ளூர் இதழில் எச்சரித்து எழுதினார். எந்த எச்சரிக்கையும் பொருட்படுத்தப்படவில்லை. கசிவு நிகழ்ந்த இரவில், வாயுவைக் குளிர்விக்க வேண்டிய அமைப்பும், எரித்து அழிக்க வேண்டிய கோபுரமும் செயல்பாட்டில் இல்லை.

அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழில்களுக்கென ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதன் 41ஜி பிரிவு, இத்தகைய ஆலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் குழுவை அமைக்கச் சொன்னது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், தொழிலாளர்கள் அதை நிர்வாகத்துக்கும் அதே நேரத்தில் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றது 41எச் பிரிவு. பாதுகாப்பு பற்றிய தகவல்களைக் கேட்டுப் பெறும் உரிமையை 111ஏ பிரிவு வழங்கியது.

தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்து இயற்றப்பட்ட 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் விதித்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பாதுகாப்புக் குழுவும், தகவல் பெறும் உரிமையும், ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமையும் அதிலும் இடம்பெற்றிருக்கின்றன. குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்பதும் தொடர்கிறது. ஆனால், தொழிற்சாலை என்று கருதப்படுவதற்கான தொழிலாளர் எண்ணிக்கை, மின்விசை பயன்படுத்தும் இடங்களில் 10-லிருந்து 20 ஆகவும், பயன்படுத்தாத இடங்களில் 20-லிருந்து 40 ஆகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகள் நிறைந்த நம் தொழிற்பேட்டைகளுக்கு இது கவலை தரும் மாற்றம்.

சட்டம் இருந்தும் வாய் திறக்காதது ஏன்?

சட்டத்தில் குழு இருக்கிறது. பெரும்பாலான பெரிய ஆலைகளில் நடைமுறையிலும் இருக்கிறது. நான் பணிபுரிந்த இடத்திலும் இருந்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூடும். தொழிலாளர் பிரதிநிதிகள் யார் என்பதை மனிதவளப் பிரிவு தீர்மானிக்கும். கூட்டக் குறிப்பு முன்கூட்டியே தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். தேநீர், பிஸ்கட், கையொப்பம். பவர் பிரஸ் கூடத்திலிருந்து அந்தக் குழுவில் ஒருவரும் இல்லை என்பதை விபத்துக்குப் பிறகே கவனித்தேன்.

தொழிலாளர்கள் ஆபத்தைக் கண்டும் சொல்லாமல் இருப்பதற்கு அலட்சியமே காரணம் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. என் அனுபவத்தில் மூன்று காரணங்களைக் கண்டேன். முதலாவது அச்சம். சொன்னால் சூப்பர்வைசரின் பகை. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் அடுத்த மாதம் வேலை இருக்காது. இரண்டாவது சலிப்பு. முன்பு சொன்னதற்குப் பதிலே வரவில்லை என்றால், அடுத்த முறை யார் சொல்வார்? மூன்றாவது காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. அது, நாமே வைத்திருக்கும் பரிசு.

விபத்தே இல்லாத மாதத்துக்குக் கூடம் முழுவதற்கும் பரிசு என்று எங்கள் ஆலையில் ஒரு திட்டம் இருந்தது. வாயிலில் 'விபத்தில்லா நாள்கள்' என்று எண்ணிக் காட்டும் பலகையும் உண்டு. மாதத்தின் இறுதி வாரத்தில் ஒருவருக்குக் கையில் தகடு கிழித்துவிட்டது. நாற்பது பேரின் பரிசு தன்னால் போய்விடக் கூடாது என்று அவர் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே ஒரு மருந்தகத்தில் கட்டுப் போட்டுக்கொண்டார். நான்கு நாள்களில் கை வீங்கி, காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பலகையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. விபத்தைக் குறைப்பதற்கென்று நாங்கள் வைத்த பரிசு, விபத்தைச் சொல்லாமல் இருப்பதற்கான பரிசாக மாறியிருந்தது.

ஒரு நோட்டுப் புத்தகத்தின் கதை

விரல்கள் போன நிகழ்வுக்குப் பிறகு, பிரஸ் கூடத்தின் தூணில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, என்ன செய்யப்பட்டது அல்லது ஏன் செய்ய முடியவில்லை என்று ஒரு வாரத்துக்குள் நான் எழுதிக் கையொப்பமிடுவேன் என்று அறிவித்தேன். முதல் இரண்டு வாரங்கள் ஒருவரும் எழுதவில்லை.

மூன்றாவது வாரம் முதல் வரி வந்தது. குடிநீர்க் குழாயடியில் தண்ணீர் தேங்கி வழுக்குகிறது என்றது அது. அடுத்தது, கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் பற்றியது. இவற்றுக்கும் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு, நோட்டை எடுத்துவிடுங்கள் என்று ஓர் அதிகாரி எனக்கு அறிவுரை சொன்னார். நான் எடுக்கவில்லை. குழாயடியில் சிமென்ட் பூசப்பட்டது, தாழ்ப்பாள் மாற்றப்பட்டது, நோட்டில் தேதியோடு எழுதினேன்.

அதன் பிறகுதான் உண்மையான செய்திகள் வரத் தொடங்கின. ஒரு பிரஸ்ஸில் இரு கைகளாலும் அழுத்த வேண்டிய இரண்டு பொத்தான்களில் ஒன்று கம்பியால் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கிரேனின் கொக்கியில் பாதுகாப்புத் தாழ் இல்லை. இரவு ஷிஃப்டில் முதலுதவிப் பெட்டியின் சாவி யாரிடமும் இல்லை. மக்கள் ஒரு புதிய ஏற்பாட்டைச் சிறிய குறைகளைக் கொண்டு சோதித்துப் பார்க்கிறார்கள் என்பதை அப்போது புரிந்துகொண்டேன். தாழ்ப்பாளுக்குப் பதில் சொல்லாதவரிடம் கிளட்சைப் பற்றி எவரும் சொல்ல மாட்டார்.

ஆறு மாதத்தில் பதிவான சிறு காயங்களின் எண்ணிக்கை ஏறியது. மாதாந்தரக் கூட்டத்தில் என்னிடம் விளக்கம் கேட்கப்பட்டது. காயங்கள் கூடவில்லை, காயங்களைப் பற்றிய செய்திகள் கூடியிருக்கின்றன என்று சொல்லிப் புரியவைப்பது எளிதாக இருக்கவில்லை. தெரியவரும் சிறு விபத்துகளின் எண்ணிக்கை கூடுவது, பெரும்பாலும் ஒரு பாதுகாப்புத் திட்டம் உயிர் பெறுவதன் முதல் அறிகுறி. அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு கண்டிக்கும் நிர்வாகம், மீண்டும் மௌனத்தையே விலைக்கு வாங்குகிறது.

பிறர் கண்ட வழிகள்

இது என் ஒருவனின் கண்டுபிடிப்பன்று. விமானத் துறை இதை முன்பே உணர்ந்தது. விமானிகளும் கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்களும் தங்கள் தவறுகளையும் நூலிழையில் தப்பிய நிகழ்வுகளையும் இரகசியமாகத் தெரிவிக்க, 1976 முதல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு இயங்குகிறது. அதை நடத்துவது, உரிமம் வழங்கித் தண்டிக்கும் அதிகாரம் கொண்ட விமானப் போக்குவரத்து நிர்வாகம் அன்று. விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா. தண்டிப்பவரிடமே தவறைச் சொல்லச் சொன்னால் எவரும் சொல்ல மாட்டார் என்ற எளிய மனித இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு அது.

பிரிட்டனில் ராபன்ஸ் பிரபு தலைமையிலான குழு 1972-இல் அளித்த அறிக்கை, ஆபத்தை உண்டாக்குபவர்களும் அதனோடு வேலை செய்பவர்களுமே அதைக் கட்டுப்படுத்தும் முதற்பொறுப்பு உடையவர்கள் என்றது. 1974-இல் புதிய சட்டம் வந்தது. தொழிற்சங்கங்கள் நியமிக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிகள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பணியிடத்தை ஆய்வு செய்யும் உரிமையை 1977-ஆம் ஆண்டின் விதிமுறைகள் வழங்கின. சுவீடனில் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதினால், அரசு ஆய்வாளர் வந்து முடிவு சொல்லும்வரை வேலையை நிறுத்திவைக்கலாம். அவ்வாறு நிறுத்தியதால் ஏற்படும் இழப்புக்கு அவர் பொறுப்பாக மாட்டார்.

வேலையை நிறுத்தும் உரிமை தந்தால் உற்பத்தி கெட்டுவிடும் என்று நம் முதலாளிகள் அஞ்சுகிறார்கள். ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில், குறையைக் காணும் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். குறித்த நேரத்துக்குள் குறை தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். உற்பத்தித் திறனுக்கு உலகமே எடுத்துக்காட்டும் நிறுவனம் அது. கயிறு தொழிலாளியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது அதன் திறனைக் குறைக்கவில்லை.

நம்மிடமே உள்ள முன்மாதிரிகள்

வெளிநாடுகளைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. 1955-ஆம் ஆண்டின் சுரங்க விதிகள், 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் சுரங்கங்களில் 'தொழிலாளர் ஆய்வாளர்' என்ற பொறுப்பை உருவாக்கின. அவர் சுரங்கத்தை ஆய்வு செய்து குறைகளைப் பதிவேட்டில் எழுதுவார். எடுத்த நடவடிக்கையை மேலாளர் அதே பதிவேட்டில் எழுத வேண்டும். நெய்வேலி போன்ற இடங்களில் உள்ளவர்களுக்கு இது புதிய செய்தியன்று. சுரங்கத்துக்குப் பொருந்தும் இந்த ஏற்பாடு, ரசாயன ஆலைக்கும் பவர் பிரஸ் கூடத்துக்கும் ஏன் பொருந்தாது?

இன்னொரு முன்மாதிரி திண்டுக்கல்லில் தோன்றியது. பெண் தொழிலாளர்கள் மீதான பாலியல் துன்புறுத்தலையும் வன்முறையையும் தடுப்பதற்காக, தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஆடை உற்பத்தி நிறுவனமும் சர்வதேச அமைப்புகளும் சேர்ந்து 2022-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. உடன் பணிபுரியும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். புகார் சொல்பவரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் அடிப்படை. ஆடைகளை வாங்கும் பன்னாட்டு நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டது. பாதுகாப்பு என்பது இயந்திரத்தோடு முடிவதன்று. மேற்பார்வையாளரின் சொல்லும் பார்வையும்கூடப் பணியிட ஆபத்துகள்தாம் என்பதை அந்த ஒப்பந்தம் ஏற்றுக்கொண்டது.

சிவகாசிப் பகுதியின் பட்டாசு ஆலைகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும், அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள், மரத்தடியில் வேலை நடந்தது, உரிமம் பெற்றவர் வேறொருவருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தார் என்று செய்திகள் வருகின்றன. இவற்றுள் ஒன்றாவது அங்கு வேலை செய்தவர்களுக்கு முன்பே தெரியாமல் இருந்திருக்குமா? எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்கும் அந்தப் பெண்களும் ஆண்களும், வேலையை இழக்காமல் அதைச் சொல்வதற்கு ஒரு வழி இருந்ததா என்பதே கேள்வி. விபத்துக்குப் பின் நிவாரணம் அறிவிக்கும் வேகத்தில் பாதியையாவது இந்தக் கேள்விக்கு விடை காண்பதில் காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில், பாதுகாப்புக் குழுவின் தொழிலாளர் பிரதிநிதிகளைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆபத்து மிகுந்த ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இடம் வேண்டும். இன்று மிக ஆபத்தான வேலைகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். கூட்டத்துக்கும் ஆய்வுக்கும் செலவிடும் நேரம் பணி நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும்.

இரண்டாவதாக, சொன்னதற்குப் பதில் வர வேண்டும். 'செய்ய முடியாது, காரணம் இது' என்பதும் ஒரு பதில்தான். பதிலின்மைதான் பங்கேற்பைக் கொல்கிறது. கூட்ட முடிவுகளும் நடவடிக்கைகளும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும்.

மூன்றாவதாக, மொழி. ஒரகடத்திலும் ஓசூரிலும் திருப்பூரிலும் இன்று இயந்திரத்தின் முன் நிற்பவர்களில் பலர் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகையும், ஆங்கிலத்தில் அச்சிட்ட செயல்முறைக் கையேடும் அவர்களுக்கு வெறும் கோடுகள். அவர்கள் மொழியில் பேசும் ஒருவர், அவர்களிலிருந்தே பிரதிநிதியாக வர வேண்டும்.

நான்காவதாக, விபத்து விசாரணையில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். 'கவனக்குறைவு' என்று எழுதுவதற்கு முன், 'இது முன்பே யாருக்காவது தெரிந்திருந்ததா, தெரிந்திருந்தால் ஏன் சொல்ல முடியவில்லை' என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். என் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால், அந்த அறிக்கை வேறு விதமாக இருந்திருக்கும்.

அரசுக்கும் கடமை உண்டு. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலர்கள் ஆய்வுக்கு வரும்போது, மேலாளரின் அறையில் பதிவேடுகளைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், நிர்வாகத்தினர் உடன் இல்லாமல் தொழிலாளர்களுடன் பேசுவதை ஆய்வின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். பாதுகாப்புக் குழு அமைக்கும் அளவுக்கு ஆள் இல்லாத சிறு பட்டறைகளுக்கு, தொழிற்பேட்டை அளவில் பொதுவான ஒரு பிரதிநிதியை நியமிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

தொழிலாளர்கள் தரப்பில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூடுதல் எண்ணிக்கைக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகைக்காகத் தாங்களே பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைக்கவசம் அணியும் இளைஞரைக் கேலி செய்யும் மூத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால், ஊக்கத்தொகையை அப்படி வகுத்தது யார் என்றும் கேட்க வேண்டும். விதியை வகுப்பதில் பங்கு பெற்றவர் அதைக் காப்பதிலும் பங்கு பெறுவார். சுவரில் ஒட்டப்பட்ட விதியை யாரும் தன்னுடையது என்று நினைப்பதில்லை.

2022 ஜூன் மாதம் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான, நலமான பணிச்சூழலை வேலையிடத்தின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. சங்கம் சேரும் உரிமைக்கும், கொத்தடிமைமுறை ஒழிப்புக்கும், குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கும் இணையான இடத்தை அது பெற்றிருக்கிறது. உரிமை என்று ஆன பிறகு, அது நிர்வாகம் மனமுவந்து தரும் சலுகை அன்று.

அடுத்த மார்ச் 4-ஆம் தேதியும் கொடி ஏறும், உறுதிமொழி வாசிக்கப்படும். அன்று ஓர் ஆலையின் தலைவர், தொழிலாளர்களைக் கை நீட்டச் சொல்வதற்கு முன், "ஆபத்தைக் கண்டால் சொல்லுங்கள், சொன்னவருக்கு எந்தத் தீங்கும் வராது, ஒரு வாரத்துக்குள் பதில் சொல்வேன்" என்று தான் முதலில் உறுதிமொழி ஏற்கட்டும். அதைக் காப்பாற்றவும் செய்தால், அந்த ஆலையில் இரவு ஷிஃப்டுக்குப் புதிதாக வரும் இளைஞரிடம், "தம்பி, இந்த மிஷின் ரிபீட் அடிக்குது, நிறுத்திட்டுச் சொல்லிடு" என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார்.

கட்டுரையாளர்: தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் (ஓய்வு).